களத்தைச் சுற்றி நான் போட்ட வட்டம்

"இந்த நிலம் யாருதுங்க?" என்று பரிசோதனைக்கு மண் எடுக்க வந்த விவசாய ஆபீசர் அம்மா கேட்டார்.

ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

"என்னுதுதாம்மா. இந்தக் கிணறு நான் வெட்டினது. பாறை வந்துடுச்சின்னு மத்தவங்க வுட்டுட்டுப் போன எடம். அந்த மோட்டார் ரூமு நான் கட்டினது. அதோ தெரியுது பாருங்க மாடி வூடு, அதுவும் நான் கட்டினதுதான். இந்த ஊருக்கு மொதமொதல்ல பவர் ஸ்பிரேயர் கொண்டாந்தவன் நான். ஒரு குழி நிலம் இல்லாதவன் வூட்ல பொறந்து, கூலிக்கு வேலை செஞ்ச நிலத்தையே கிரயம் பண்ணவன் இந்தச் சுத்துவட்டாரத்துல நான் ஒருத்தன்தான். மூணாவதுக்கு மேல படிக்கல. பையனை டிப்ளமோ படிக்க வெச்சேன், செய்யார் கம்பெனியில சூப்பர்வைசரா கீறான். மருமக டிகிரி..."

"மாமா," என்று மருமகள் ஜெயந்தி குறுக்கே வந்தாள். "அவங்க பட்டா யார் பேர்ல இருக்குன்னு கேக்கறாங்க."

ஆபீசர் அம்மா சிரித்துக்கொண்டே என் பெயரை மட்டும் எழுதிக்கொண்டார். மற்றது எதையும் எழுதவில்லை. கிணற்றைக்கூட எழுதவில்லை. அதை நான் கவனித்தேன்.

காலை வெயில் அப்போதுதான் ஏறியிருந்தது. கிணற்றுக்குக் கிழக்கே இருக்கும் மூலையில், பரங்கிக்கொடிக்கு நடுவில் அவர் நின்றிருந்தார். மண்ணில் இறக்கித் திருகும் இரும்புக் குழாய் ஒன்று கையில். குழாயை உருவினால் புட்டு மாதிரி மண் வெளியே வரும். அதைப் பையில் போட்டுக் கட்டுவார். பரங்கிப்பூ விரிந்து வண்டு சுற்றிக்கொண்டிருந்தது. பார்த்தால் எந்தக் குறையும் சொல்ல முடியாத தோட்டம்.

குறை சொன்னது சென்னையில் இருக்கும் ஒரு கடை.

பரங்கிக்காய் கொண்டுவந்த பேஜார்

எங்கள் ஊர் ஆரணியிலிருந்து களம்பூர் போகிற வழியில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. பாதி வீட்டில் பட்டுத்தறி, மீதி வீட்டில் நெல். இரண்டும் இருக்கிற வீடும் உண்டு. அந்த வீட்டுப் பெண்களில் சிலரைச் சேர்த்துக்கொண்டுதான் ஜெயந்தி ஒரு காய்கறிக் குழு ஆரம்பித்தாள். மருந்து அடிக்காத காய். கத்திரி, வெண்டை, சுரை, பரங்கி. சென்னைக் கடை வாராவாரம் வேன் அனுப்பி எடுத்துக்கொண்டு போகும். அவர்கள் அவ்வப்போது ஒரு காயை எடுத்து லேபுக்கு அனுப்புவார்கள். அனுப்பியதெல்லாம் சுத்தம் என்றே வந்துகொண்டிருந்தது.

ஒரு வாரம் பரங்கிக்காயை அனுப்பினார்கள். அதில் பூச்சிமருந்து இருக்கிறது என்று வந்துவிட்டது. காய் எங்கள் தோட்டத்துக் காய்.

இன்னொரு தடவை இப்படி வந்தால் வேன் வராது என்று கடைக்காரர்கள் போனில் சொல்லிவிட்டார்கள். குழுப் பெண்கள் காய் பிரிக்கிற ஷெட்டில் கூடினார்கள். நான் வெளியே பைக்கில் உட்கார்ந்திருந்தேன். நான் இருப்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்துதான் சத்தமாகப் பேசினார்கள்.

"மருந்து தூவியே மாடி வூடு கட்டினவரு வூட்டு மருமவ," என்றாள் கன்னியம்மா. தறியும் நெய்வாள், காயும் போடுவாள். வாய் மட்டும் தனி மில் மாதிரி ஓடும். "அவ மருந்து அடிக்காம இருப்பாளா?"

"அடிக்கலக்கா. சத்தியமா அடிக்கல."

"அப்போ அந்தப் பரங்கிக்காவே எழுந்து போயி மருந்து குடிச்சிட்டு வந்து குந்திக்கிச்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயந்தி சிரிக்கவில்லை. காரணம் தெரிகிற வரைக்கும் அவள் தலைவியாக இருக்க வேண்டாம் என்று முடிவாகிவிட்டது. அடுத்த கூட்டத்துக்குள் காரணம் சொல்லாவிட்டால் குழுவிலேயே இருக்க வேண்டாம் என்றும் ஒரு குரல் கேட்டது.

அவள் அன்று வீட்டுக்கு வந்து அடுப்படிக்குப் போகாமல் தோட்டத்துக்குப் போனாள். பரங்கி இலையை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் குழுவுக்காக அவள் ஆரணியில் கிடைத்த பள்ளிக்கூட வேலையை வேண்டாம் என்று சொன்னவள். என் பையனே அன்றைக்கு அவளிடம், "நெஜமாவே அடிக்கலியா?" என்று கேட்டுவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டான்.

சாயக்காரருடன் ஒரு சண்டை

நான் ஒரு விஷயத்தில் முடிவெடுக்கத் தாமதிக்கிறவன் இல்லை. காரணம் சாயத்தண்ணீர்தான் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். எங்கள் கால்வாய்க்கு மேற்கே தண்டபாணி பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறார். நானும் அவரும் சின்ன வயசிலிருந்து பழக்கம். அதனால் வணக்கம் எல்லாம் சொல்லாமல் நேராக விஷயத்துக்குப் போனேன்.

"உன் சாயத்தண்ணிய என் நெலத்துக்கு வுட்டு என் மருமவ மானத்த வாங்கிட்டியேய்யா."

அவர் கொதிக்கிற தொட்டியில் நூல் கழியைத் திருப்பிக்கொண்டே கேட்டார். "அந்தப் பரங்கிக்காய அறுத்துப் பாத்தியா?"

"பாத்தேன்."

"உள்ள இன்னா கலரு?"

"பரங்கிக்கா கலருதான்."

"என் சாயம் உள்ள போயிருந்தா மயில்கழுத்துக் கலர்ல இருந்திருக்கணும். நான் ஊத்தறது கால்வாயிலயும் கெடையாது, பின்னாடி தொட்டி கட்டி வெச்சிகீறேன், வந்து பாரு. போவியா, ஜல்தியா போயி வேற ஆளப் புடிப்பியா!"

நான் திரும்பும்போது முதுகுக்குப் பின்னால் இன்னொன்றும் சொன்னார். "பூச்சி வருதுன்னு சொன்னதுக்கு என் பட்டு மூட்டையச் சுத்திப் பவுடரு போட்டியே ஒரு காலத்துல. அதுல நெஞ்ச பொடவைய வாங்கினவன் மோந்து பாத்துட்டுத் திருப்பிக் குடுத்தான்யா! அந்த வாடை போறதுக்கு எத்தினி தீபாவளி ஆச்சி தெரியுமா? நீ என்ன சொல்ல வந்துட்ட!"

அது சண்டையில் சொன்ன வார்த்தை என்றே எடுத்துக்கொண்டேன். ஜெயந்தி எழுதிக் கேட்டு ஆபீசர் அம்மா மண் எடுக்க வந்தபோதுகூட, "நல்லா ஆழமா எடுங்க, சாயம் வரும்" என்று சொல்லிக்கொண்டுதான் நின்றேன்.

பவுடர் ஏழுமலை

இந்தப் பத்திரிகையில் நான் எழுதுகிற தொடரைப் படிப்பவர்கள் கடிதம் எழுதுகிறார்கள். உங்கள் பெயருக்கு முன்னால் பவுடர் எப்படி வந்தது, நாடகத்தில் வேஷம் கட்டினீர்களா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேஷம் எதுவும் கட்டவில்லை. அது பூச்சிக்கொல்லிப் பவுடர். மூட்டை மேல் பி.எச்.சி. என்று மூன்று எழுத்து போட்டிருக்கும். எங்களுக்குப் பவுடர் என்றாலே அதுதான்.

புது ரக நெல் வந்து, கூடவே புதுப் புதுப் பூச்சியும் வந்த காலம். விவசாய ஆபீசில் இருந்து ஆட்கள் வந்து, பவுடரைக் கையில் அள்ளிக் காட்டினார்கள். பயிருக்கு நல்லது, மனுஷனுக்கு ஒன்றும் ஆகாது என்றார்கள். கூட்டத்தில் யாரும் தொடவில்லை. நான் போய் அள்ளினேன். அன்றைக்கே எனக்கு வேலை கிடைத்துவிட்டது.

வேலை இதுதான். பழைய வேட்டித் துணியில் பவுடரை மூட்டையாகக் கட்டி ஒரு கம்பு நுனியில் தொங்கவிட வேண்டும். இன்னொரு குச்சியால் அந்த மூட்டையைத் தட்டிக்கொண்டே வரப்பில் நடக்க வேண்டும். இலையில் பனி இருக்கும்போதே முடிக்க வேண்டும், அப்போதுதான் ஒட்டும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் முதுகைக் காட்டக் கூடாது என்று சிலர் சொல்வார்கள். தப்பு. முதுகைக் காட்டவில்லை என்றால் மூக்கைக் காட்ட வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு ஆள் இல்லை, நானே கண்டுபிடித்தேன்.

பவுடருக்கு ஒரு வாடை உண்டு. மழைக்காலத்தில் மூடிவைத்த பெட்டியைத் திறந்தால் வருகிற பூஞ்சை வாடை. அது என் தலைமுடியில் இருக்கும், சோற்றில் இருக்கும், பாயில் இருக்கும். இன்றைக்கு எனக்கு மோப்பமே கிடையாது. சாம்பாரா ரசமா என்று வாயில் வைத்தால்தான் தெரியும். வயசாகிவிட்டது என்று டாக்டர் சொல்கிறார். இருக்கலாம். என் மனைவிக்கும் அதே வயசுதான், அவள் பக்கத்து வீட்டுக் கருவாட்டைக்கூட இங்கிருந்தே எந்த மீன் என்று சொல்வாள்.

எறும்புக்கும் ஆளுக்கும் ஒரே கோடு

வயலில் தூவியது பாதி வேலைதான். என் பெயரை ஊர் ஊராகக் கொண்டுபோனது களத்து வேலை.

அப்போது அறுவடை என்றால் கதிர்க்கட்டைச் சுமந்து களத்துக்குக் கொண்டுவந்து அடிப்பார்கள். பிறகு மாடு கட்டி மிதிப்பார்கள். நடுவில் ஒரு கம்பம் நட்டிருக்கும், மாட்டுக் கயிற்றின் தலைப்பு அதில்தான். தூற்றி முடித்தால் அந்தக் கம்பத்தைச் சுற்றியே நெல்லை அம்பாரமாகக் குவிப்பார்கள். வியாபாரி வந்து அளக்கிற வரைக்கும் அது களத்தில் கிடக்கும்.

எங்கள் ஆட்கள்தான் அறுத்தவர்கள், சுமந்தவர்கள், அடித்தவர்கள். ஆனால் நெல் குவிந்த பிறகு களத்துக்குள் கால் வைக்கக் கூடாது. ஓரத்தில் நின்று கூலி நெல்லை முறத்தில் வாங்கிக்கொண்டு போக வேண்டும். என் அப்பா அப்படித்தான் நின்றார். அம்மாவும் அப்படித்தான்.

நான் உள்ளே போனேன்.

எறும்பு நெல்லை இழுத்துக்கொண்டு போகாமல் இருக்க அம்பாரத்தைச் சுற்றிப் பவுடர் கோடு போட வேண்டும். அந்தக் கோட்டைப் போடுகிறவன் அம்பாரத்தைச் சுற்றி வந்தாக வேண்டும். வேறு வழி இல்லை. எங்கள் தெருவில் இருந்து நெல் குவிந்த களத்துக்குள் நடந்த முதல் கால் என் கால்தான்.

நிலத்துக்காரரை மேல்வீட்டுக்காரர் என்போம். அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து பார்ப்பார். முதல் வருஷம் விரல் அகலத்துக்குப் போட்டேன். அடுத்த வருஷம், "தடிமனா போடுடா, கை அகலத்துக்கு" என்றார்.

"எறும்பு அவ்ளோ இல்லீங்களே."

"எறும்பு கெடக்குது. எவன் கால் வெச்சாலும் தெரியணும்."

விஷயம் அதுதான். வெள்ளைக் கோட்டைத் தாண்டினால் காலடி விழுந்துவிடும். நெல் குறைந்தால் கோட்டைப் பார்த்தால் போதும். அந்த யோசனை ஊர் முழுக்கப் பரவியது. எறும்பே இல்லாத களத்துக்கும் கோடு போடக் கூப்பிட்டார்கள். வெயில் காலத்தில் நெல் இல்லாமல் வேர்க்கடலை காய்ந்தாலும் கூப்பிட்டார்கள். தூறல் விழுந்து கோடு கலைந்தால் மறுபடியும் போடச் சொன்னார்கள்.

"நம்ம காலடியப் பாக்கறதுக்குத்தான்டா உன்ன கோடு போடச் சொல்றாங்க," என்று அப்பா சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. சோறு சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

எனக்கும் தெரியும். போடமாட்டேன் என்று சொல்லியிருந்தால் வேறு ஒருவன் கோணலாகப் போட்டிருப்பான். நான் ஒழுங்காகப் போட்டேன். நடுக் கம்பத்தில் கயிற்றைச் சுருக்குப் போட்டுவிட்டு, அம்பாரத்துக்கு மேலே கயிற்றை விட்டு, மறுமுனையை இடது கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கைப்பிடியில் பவுடரை ஒழுகவிட்டபடி குனிந்து பின்பக்கமாகவே நடப்பேன். கிளம்பிய இடத்திலேயே வந்து முடியும். சந்து இருக்காது. கோலம் போடுகிற பெண்களே வந்து பார்த்துவிட்டு, "இன்னா ரவுண்டு!" என்பார்கள். கம்பம் ஒவ்வொரு வருஷமும் அதே குழியில். கயிறும் அதே நீளம். அதனால் வட்டமும் அதே வட்டம்.

இந்த வட்டம்தான் எனக்கு ஸ்பிரேயர் வாங்கிக் கொடுத்தது. ஸ்பிரேயர் நிலம் வாங்கிக் கொடுத்தது. மேல்வீட்டுக்காரருடைய பிள்ளைகள் சென்னைக்குப் போய்விட்டார்கள். விற்கிறோம் என்று சொன்னபோது வாங்குகிற நிலையில் நான் இருந்தேன். களத்தோடு சேர்த்து வாங்கினேன்.

சும்மா கிடந்த மூலை

அறுக்கிற மெஷின் வந்த பிறகு களத்துக்கு வேலை இல்லாமல் போனது. நெல் வயலிலிருந்து நேராக டிராக்டருக்கு, அங்கிருந்து களம்பூர் ரைஸ்மில்லுக்கு. களங்கள் கல் மாதிரி இறுகிச் சும்மா கிடந்தன. ஆம்பளைகள் யாரும் அதைச் சீண்டவில்லை. டிராக்டர் திரும்பக்கூட இடம் பத்தாது.

குழு ஆரம்பித்தபோது ஜெயந்தி என்னிடம் கேட்டாள். "மாமா, நெல்லு வயல்ல எல்லாம் மருந்து அடிச்சிகினே இருந்தீங்க. மருந்தே அடிக்காத எடம் எதுனா கீதா?"

"களம் கீதேம்மா," என்றேன். "அதுல ஒருநாளும் பயிரு வெச்சதில்ல. பயிரு வெக்காத எடத்துல எவன் மருந்து அடிப்பான்? புது மண்ணு."

எனக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை. மருந்து என்றால் பயிருக்குப் போடுவது. களத்தில் போட்டது கோடு. இரண்டையும் ஒன்றாக நான் மட்டும் அல்ல, ஊரில் யாருமே நினைத்ததில்லை.

மற்ற வீடுகளிலும் அதே கதைதான். நெல் வயலை ஆம்பளைகள் வைத்துக்கொண்டு, குழுவுக்கு என்று கேட்ட பெண்களுக்கு உதவாத களத்து மூலையைக் கொடுத்தார்கள். அவர்கள் கடப்பாரையால் குத்தி, மண்வெட்டியால் கொத்தி, எருவைக் கொட்டித் தோட்டமாக்கினார்கள்.

சிவப்பு நூல் கட்டிய குச்சிகள்

ஆபீசர் அம்மா மண்ணை எடுத்துக்கொண்டு போனார். முடிவு வந்தபோது அவரே வந்து சொன்னார்.

"சாயம் எதுவும் இல்லைங்க ஐயா. இது பழைய பூச்சிமருந்து. தடை பண்ணி ரொம்ப காலம் ஆச்சு. இப்ப கடையிலயே கிடைக்காது."

ஜெயந்தி முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் அந்தச் சேதி ஷெட்டுக்குப் போனதும் கன்னியம்மா விடவில்லை. "கடையில கெடைக்காதுதான். பவுடரு தாத்தா வூட்டுப் பரண் மேல கெடைக்குமே! பழைய மூட்டை வெச்சிருப்பாரு, இவ எடுத்துத் தூவியிருப்பா."

என் வீட்டுப் பரணில் இருப்பது பித்தளை அண்டாவும் பேரப்பிள்ளையின் தொட்டிலும்தான். சொன்னால் யார் நம்புகிறார்கள்?

அதனால் ஆபீசர் அம்மா மறுபடியும் வந்து நெருக்க நெருக்கமாக மண் எடுத்தார். அதன் முடிவு வந்த பிறகு இன்னொரு நாள் வந்து, மருந்து அதிகம் இருந்த இடத்திலெல்லாம் குச்சி நட்டார். ஜெயந்தி தறியில் மிஞ்சிய சிவப்புப் பட்டு நூலைக் குச்சிகளின் தலையில் கட்டினாள்.

"அத்தினி வருசம் ஆச்சே, வெயிலு மழை எல்லாம் பட்டு இன்னுமா அது இருக்கும்?" என்று கேட்டேன்.

"அதுல பெரும்பங்கு போயிடுங்க. ஒரு பங்கு மட்டும் போகாது. அது தண்ணியில கரையாது, அதனால மழை அடிச்சுகிட்டுப் போகாது. மண்ணுல இருக்கற சின்ன உயிருங்களாலயும் அதைச் சீக்கிரம் தின்னு தீர்க்க முடியாது. மண்ணைக் கட்டிப் பிடிச்சுகிட்டு உட்கார்ந்திடும். வருஷா வருஷம் போட்டா மேல மேல சேரும். எல்லாச் செடியும் அதை எடுக்காது. பரங்கிக் குடும்பத்துக் கொடிங்க வேர் வழியா இழுத்துக்கும். கோழி அந்த மண்ணைக் கொத்தினா முட்டைக்குப் போகும், மாடு மேஞ்சா பால் கொழுப்புக்குப் போகும்."

"அப்போ பரங்கிக்கா நெஜமாவே குடிச்சிருக்குது," என்றாள் ஜெயந்தி.

"ஆனா எனக்கு ஒண்ணுதான் புரியல," என்றார் அவர். "இங்க அதிகமா இருக்கு. கொஞ்சம் தள்ளினா ஒண்ணுமே இல்ல. தூவினதா இருந்தா பரவலா இருக்கணும். கொட்டி வெச்சதா இருந்தா ஒரே இடத்துல இருக்கணும். இது ரெண்டும் இல்ல."

நான் கால் கழுவக் கிணற்று மேட்டில் ஏறினேன். திரும்பிப் பார்த்தேன்.

கீழே கொடிக்கு நடுவில் சிவப்புத் தலைகள் வளைந்து போய்க்கொண்டிருந்தன. பாதி நிலா மாதிரி. கோணல் இல்லை. அந்த வளைவை நான் ஆயிரம் பேர் போட்டதில் கலந்து வைத்தாலும் கண்டுபிடிப்பேன். அது என் கை.

கால் கழுவாமலே இறங்கினேன். "ஜெயந்தி, மோட்டார் ரூமுல கயிறு கீது, எட்தா."

"எதுக்கு மாமா?"

"எட்தாம்மா, சொல்றேன்."

கம்பம் நட்டிருந்த இடம் எனக்குத் தெரியும். கிணற்று மூலைக்கும் பழைய புளியமரத்து வேருக்கும் நேர்கோட்டில் சரிபாதி. அங்கே ஒரு கடப்பாரையைக் குத்தி, கயிற்றை மாட்டி, முதல் குச்சிக்கு எவ்வளவு வருகிறதோ அவ்வளவு பிடித்துக்கொண்டு நடந்தேன். இரண்டாவது குச்சியில் கயிறு உரசியது. மூன்றாவதில் உரசியது. கடைசிக் குச்சி வரைக்கும் ஒவ்வொன்றாக உரசிக்கொண்டே போனது. குனிந்துதான் நடந்தேன். உடம்பு தானாகக் குனிந்துவிட்டது.

குச்சி முடிந்த பிறகும் நான் நிற்கவில்லை. மீதி வட்டத்தையும் நடந்து காட்டினேன். "இங்கல்லாம் நீங்க மண்ணு எடுக்கலியே. எடுங்க. இருக்கும்."

அவர் எடுத்தார். பிறகு வந்த முடிவில் இருந்தது.

ஷெட்டில் பேசியது

அடுத்த கூட்டத்துக்கு நானே உள்ளே போனேன். பெண்கள் குழு, ஆம்பளைக்கு இடமில்லை என்றார்கள். அம்பாரம் இருந்த களத்துக்குள்ளேயே இடமில்லை என்றவர்களைப் பார்த்தவன் நான். தக்காளிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அந்த மருந்து என் மருமவ போட்டது இல்ல. நான் போட்டது. களத்துல எறும்புக்குப் போட்ட கோடு. இத்தினி வருசம் ஆகியும் ஒரு முழம்கூட நகரல."

கன்னியம்மாவுக்குக் கணக்கு ஜல்தியாக ஓடும். "எங்க மாமனாரு களத்துலயும் நீதான போட்ட?"

"ஆமா. அந்தக் களத்துலதான் ரவுண்டு ரொம்ப நல்லா வந்துச்சி."

"அடப்பாவி மனுசா! அதுலதான சொரக்கா போட்டுக்கினு கீறேன்! என் புள்ள அதத்தான தின்னுது!"

அதற்குப் பிறகு ஷெட்டில் யார் என்ன பேசினார்கள் என்று எழுத முடியாது. எல்லாம் என்னைத்தான். நான் எழுந்திருக்கவில்லை. சத்தம் அடங்கியதும் சொன்னேன். "எந்தக் களத்துல எங்க கீதுன்னு இந்த ஊர்ல தெரிஞ்சவன் நான் ஒருத்தன். திட்டறதுன்னா திட்டுங்க. காட்டணும்னா கயிறு எடுத்துக்கினு வாங்க."

வந்தார்கள். முதலில் கன்னியம்மா வந்தாள்.

களம் களமாகப் போனோம். வீட்டுக்கு வீடு பெரியவர்கள் வாசலில் நின்று, "எங்க களத்துல இவன் போட்டதே இல்ல" என்றார்கள். மண் கெட்டது என்று பெயர் வந்தால் நிலத்தை யார் கேட்பார்கள் என்ற பயம். ஒருவர் என்னைத் தெரியாது என்றே சொல்லிவிட்டார். அவர் களத்தில் நான் வட்டம் போடும்போது பக்கத்தில் நின்று, "இங்க கொஞ்சம் கம்மியா கீது" என்று ஒவ்வொரு வருஷமும் குறை சொன்னவர். நான் அவரிடம் வாதாடவில்லை. கயிற்றைப் பிடித்து நடந்தேன். ஆபீசர் அம்மா நான் நடந்த இடத்தில் மண் எடுத்தார்.

எல்லாக் களத்திலும் வட்டத்தின் மேலே கொடிகளைப் பிடுங்கினார்கள். காய்ப் பாத்தி வட்டத்துக்கு எட்டாத இடத்துக்குத் தள்ளிப் போனது. வட்டத்தில் சாமந்தி வைத்தார்கள், கோழி நுழையாமல் வலை கட்டினார்கள். கன்னியம்மாவின் களம் சின்னது. வட்டம் போக ஒன்றும் மிஞ்சவில்லை. என் நிலத்தில் ஒரு துண்டு எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "உன் நெலமும் வேணாம், நீ காட்டற எடமும் வேணாம்" என்று சொல்லிவிட்டு, வயலில் பாதியை விடு என்று புருஷனிடம் சண்டை போட்டு வாங்கிக்கொண்டாள்.

சென்னைக் கடை மறுபடியும் காயை எடுத்து அனுப்பியது. சுத்தம் என்று வந்தது. வேன் வருவது நிற்கவில்லை. ஜெயந்தியிடம் யாரும் மன்னிப்பு எல்லாம் கேட்கவில்லை. கூட்டம் கலையும்போது கன்னியம்மா தராசை அவள் பக்கமாகத் தள்ளி, "இந்தாடி, நீயே புடி. உன் மாமனாரு கையில மட்டும் குடுத்துடாத" என்றாள். அவ்வளவுதான். ஜெயந்தி மறுபடியும் தலைவி.

படத்தில் இல்லாத பெயர்

இப்போது ஷெட் சுவரில் பெரிதாக ஒரு படம் வரைந்திருக்கிறார்கள். ஊர், தெரு, கால்வாய், களங்கள். ஒவ்வொரு களத்திலும் ஒரு சிவப்பு வட்டம். இந்த வட்டத்துக்குள் காய் போடாதீர்கள், கோழி மேய விடாதீர்கள் என்று எழுதியிருக்கிறது. நல்ல வேலை. வட்டங்களைக் கையால் வரைந்ததால் கொஞ்சம் நசுங்கியிருக்கின்றன, அதை விட்டுவிடுகிறேன்.

கீழே ஆபீசர் அம்மா பெயர் இருக்கிறது. குழுவின் பெயர் இருக்கிறது. அதற்கும் கீழே, "தகவல் உதவி: கிராமப் பெரியவர்கள்" என்று இருக்கிறது.

ஆபீசர் அம்மாவிடம் கேட்டேன். அவர் தயங்கினார். "உங்க நல்லதுக்குத்தான் ஐயா. உங்க பேரைப் போட்டா, உங்களாலதான் மண்ணு கெட்டுதுன்னு ஆயிடும். வர்றவங்க போறவங்க எல்லாம் படிப்பாங்க."

ஜெயந்தியும் அதையே சொன்னாள். "ஊரு திட்டும் மாமா. வுடுங்களேன்."

திட்டட்டும். ஏற்கெனவே திட்டியாகிவிட்டது. கன்னியம்மா திட்டியதற்கு மேல் ஒரு சுவர் என்னைத் திட்டிவிடப் போகிறதா?

கிராமப் பெரியவர்கள் கட்டிலில் உட்கார்ந்து தடிமனாகப் போடு என்றார்கள். ஒருவரும் குனியவில்லை. களத்தைக் காட்டு என்று பெண்கள் கேட்டபோது போடவே இல்லை என்றார்கள். ஒருவரும் கயிற்றைத் தொடவில்லை. போட்டவனும் நான், காட்டியவனும் நான். அந்தப் படத்தில் இருக்கிற சிவப்பு வட்டம் எல்லாம் என் கை வேலை. இதில் பாதியை மட்டும் எனக்குக் கொடு என்று நான் கேட்கவில்லை. முழுவதையும் கேட்கிறேன்.

இதைக் குழுவுக்கும், ஆபீசர் அம்மாவுக்கும், பஞ்சாயத்துக்கும் இந்தப் பத்திரிகை மூலமாகவே சொல்லிக்கொள்கிறேன். "கிராமப் பெரியவர்கள்" என்ற வார்த்தையை அழித்துவிடுங்கள். அந்த இடத்தில், "பவுடர் போட்டவர், இடம் காட்டியவர்: ஏழுமலை" என்று எழுதுங்கள். பெயின்ட் நானே வாங்கித் தருகிறேன்.